கழுவாத விரலும் கருவியின் கணக்கும்

சர்க்கரை நோயாளர் உள்ள இல்லங்கள் பலவற்றில் இன்று குளுக்கோமீட்டரும் இருக்கிறது. விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் தொட்டால் சில வினாடிகளில் எண் தெரிகிறது. அதைப் பார்த்தே இன்சுலினைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா, வாசகர்களே?

கருவி அளப்பது மின்னோட்டத்தையே. பட்டையின் நுனியில் ஒரு நொதி பூசப்பட்டுள்ளது. பல பட்டைகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். இரத்தத்தில் கலந்துள்ள எத்தனையோ பொருள்களுக்கிடையே குளுக்கோஸைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து எலெக்ட்ரான்களை அது பறித்துக்கொள்கிறது. வேறோர் இரசாயனம் அவற்றைச் சுமந்து சென்று மின்முனையில் சேர்க்கிறது. சர்க்கரை மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். நொதியையும் மின்முனையையும் இணைக்கும் இவ்வழியை 1962இல் காட்டியவர் அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க்.

நொதியை மாற்றினால் அளக்கப்படும் பொருளும் மாறும். லாக்டேட் ஆக்சிடேஸைப் பூசினால் லாக்டேட்டை அளக்கலாம். கடுமையான கிருமித் தாக்குதலில் அது இரத்தத்தில் பெருகுவதால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அடிக்கடி பார்க்கிறார்கள். எடுத்த இரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் சிவப்பணுக்கள் சர்க்கரையை உண்டு லாக்டேட்டை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஆய்வகத்தார் அவசரப்படுத்துவது வீணன்று.

இனி நம் விரலுக்கு வருவோம். பட்டை உறிஞ்சுவது அரை மைக்ரோலிட்டர் என்று கொள்ளுங்கள். எண் 100 காட்ட வேண்டிய இரத்தமாயின், அத்துளியிலுள்ள சர்க்கரை ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. அதே அளவு வெளியிலிருந்து சேர்ந்தால் கருவி 200 காட்டும்! கலைக்கல்லூரியில் பயின்ற எனக்கே விளங்கும் கணக்கு இது. நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்தைப் பிட்ட விரலில் அவ்வளவு ஒட்டியிராதா? அப்பழத்திலும் குளுக்கோஸ் உண்டு. எது இரத்தத்தினது, எது பழத்தினது என்ற பேதம் நொதிக்குத் தெரியாது.

அந்த 200ஐ நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். தனியே உறங்கும் முதியவருக்கு அது உயிராபத்து. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைப்பதும் போதாது. பழம் உரித்த விரலைப் பலமுறை அவ்வாறு துடைத்த பின்னரும் எண் உயர்ந்தே வந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பின் குத்துங்கள். ஈரம் இருப்பின் இரத்தம் நீர்த்து எண் குறைந்துவிடும். எதிர்பாராத உயர்ந்த எண் வந்தால், மருந்தைக் கூட்டுமுன் கையைக் கழுவி மற்றொரு விரலில் மறுபடியும் பாருங்கள். பட்டையின் விலையை எண்ணி இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.