குச்சனூர் எள் விளக்கும் ஸ்டெம் செல் ஊசியும்

கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நம் பெண்மக்களுக்கு முட்டி தேய்ந்தால், "சனி பிடித்திருக்கிறது, குச்சனூர் போய் எள் விளக்கு ஏற்று" என்கிறார்கள். மேடு ஏறிச் சுமை தூக்குகிற காலாகப் பார்த்துத்தானா அந்தச் சனி பிடிக்கும் என்று நாம் கேட்டு வருகிறோம்.

இப்போது வேறொரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு புதிதாக முளைக்குமாம்! விஞ்ஞானம் என்று பெயர் சொன்னதற்காக நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வதா? எள் விளக்குக்குக் கேட்ட ஆதாரத்தை ஊசிக்கும் கேட்பதுதானே பகுத்தறிவு?

ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. ஆதலால் அது தேய்ந்தால் தானாக வளர்வது அரிது. செல்லைக் கொண்டு அதைச் சரிப்படுத்தலாமா என்று ஆராய்வது நல்ல காரியமே. ஆனால் ஆராய்ச்சி வேறு, வியாபாரம் வேறு.

அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்த பரீட்சையின் முடிவு 2023இல் வெளியாயிற்று. மூன்று வகைச் செல் ஊசிகளில் ஒன்றுகூட, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சாதாரண ஸ்டீராய்டு ஊசியைவிட மேலானதாக இல்லை. நம் நாட்டில் பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் கம்பெனியின் மருந்தை 146 பேரிடம் பரீட்சித்தார்கள். செல் இல்லாத ஊசி போட்டவர்களைவிட வலி குறைந்ததாகவும், ஜவ்வு மேலும் கெடாமல் நின்றதாகவும் கண்டார்களே ஒழிய, போன ஜவ்வு திரும்ப முளைத்ததாகக் காணவில்லை. அந்த மருந்துக்கு 2022இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி கொடுத்ததும் 2, 3ஆம் படித் தேய்மானத்திற்குத்தான். முற்றும் தேய்ந்த முட்டிக்கு அல்ல.

அனுமதி பெறாத செல் சிகிச்சையை, ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியில் அல்லாமல் செய்யக்கூடாது என்றும், ஆராய்ச்சிக்கு உட்படுகிறவரிடம் காசு வாங்கக்கூடாது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் வருஷ விதிமுறை சொல்லுகிறது. அப்படியிருக்க, நகையை அடகு வைத்து வா என்பவன் வைத்தியனா, பூசாரியா?

ஆகவே தோழர்களே, ஊசி போடு என்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன? அனுமதி எங்கே? என் முட்டி எத்தனையாவது படி? பதில் சொல்லாமல் "நம்புங்கள்" என்றால், எழுந்து வந்துவிடுங்கள். க.விலக்கு அரசு ஆஸ்பத்திரியில் முட்டியைக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். நம்பச் சொல்லுகிறவன் காவி கட்டினால் என்ன, வெள்ளைக் கோட்டுப் போட்டால் என்ன? இரண்டும் ஒன்றே!