வான்வேலியும் துணைவலியும்

ஆவடிப் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணாக்கர்க்குச் சேரமன்னர் வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். இமயவரம்பன், வானவரம்பன் என்னும் பெயர்கள் வந்தபொழுது, “இமயத்தை எல்லையாக உடையவன், வானத்தை எல்லையாக உடையவன் என்று பொருள் கூறுவர்” என்றேன். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, மலை எல்லையாகலாம். வானம் எப்படி ஐயா எல்லையாகும்? அதில் வேலி போட முடியுமா?” என்று வினவினான். அவன் தந்தையார் கனவூர்தித் தொழிற்சாலையில் கவச ஊர்திகளுக்குப் பற்றவைப்பு வேலை செய்பவர். படைக்கலம் செய்யும் ஊரில் வளரும் பிள்ளை ஆகலின், வினா அத்துடன் நிற்கவில்லை. “எசுத்தோனியா என்னும் சிறிய நாட்டின் வானில் உருசியாவின் போர் வானூர்திகள் பன்னிரண்டு மணித்துளி பறந்ததற்காக முப்பத்திரண்டு நாடுகள் கூடிப் பேசினவாம். நமக்கென்றால் யார் ஐயா கூடுவார்கள்?” என்றான்.

மணி அடித்துவிட்டது. விடை கூறாமலே வந்துவிட்டேன். அவனுக்குக் கூற வேண்டிய விடையைத்தான் இங்கு எழுதுகின்றேன்.

வானத்திற்கு வேலி உண்டு. முட்கம்பியால் ஆன வேலி அன்று. எழுத்தால் ஆன வேலி. 1944 திசம்பரில் சிகாகோ நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் முதற்பிரிவு, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, பிறர்க்குப் பங்கில்லாத இறைமை உண்டு என்கின்றது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரையுள்ள கடலின் மேலும் அவ்விறைமை செல்லும். ஓர் அரசின் படை வானூர்தி பிறிதோர் அரசின் வானில் அதன் இசைவு பெறாமல் பறத்தல் ஆகாது என்பது மூன்றாம் பிரிவு. ஆனால், அவ்வேலி எவ்வளவு உயரம் என்பதில் இன்றளவும் உலக நாடுகள் ஒருமுடிவுக்கு வரவில்லை. அவ்வகையில் நம் வானவரம்பன் கொடுத்துவைத்தவன்.

வேலி இருந்தால் மட்டும் போதுமா? தாண்டி வருவானைத் தடுப்பது யார்? வள்ளுவப் பெருந்தகை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் எடைபோட்டுப் பார்க்கச் சொன்ன நான்கு வலிமைகளுள் துணைவலியும் ஒன்று. இன்றைய உலகில் அத்துணைவலிக்குப் பெருஞ்சான்றாகக் காட்டப்படுவது, 1949 ஏப்பிரல் 4-ஆம் நாள் 12 நாடுகள் தொடங்கி, இப்பொழுது 32 நாடுகளைக் கொண்டுள்ள நேட்டோ என்னும் படைக்கூட்டணி. அதன் ஐந்தாம் பிரிவைத்தான் எல்லாரும் அறிவர்: ஓர் உறுப்பு நாட்டின்மேல் படைகொண்டு தாக்கினால் அஃது அனைவர்மேலும் தொடுத்த தாக்குதலாகும் என்பது. ஆனால், அப்பிரிவை முழுதும் படித்தவர் சிலரே. ஒவ்வொரு நாடும் ‘தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை’ மேற்கொள்ளும் என்றே அது கூறுகின்றது. போர் தொடுத்தே ஆகவேண்டும் என்று எங்கும் கூறவில்லை. முக்கால் நூற்றாண்டைக் கடந்த அக்கூட்டணி வரலாற்றில் ஐந்தாம் பிரிவு எடுத்தாளப்பட்டது ஒரே ஒருமுறை. அதுவும் 2001 செபுதம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்டபொழுது.

அங்கனமாயின் வான்வேலியைத் தாண்டினால் அக்கூட்டணி செய்வதென்ன? மூன்று நிகழ்ச்சிகளைக் காண்போம்.

2015 நவம்பர் 24 அன்று, சிரிய எல்லையில் உருசியப் போர் வானூர்தி ஒன்றைத் துருக்கி சுட்டு வீழ்த்தியது. அது தன் வானில் இருந்தது பதினேழு நொடி என்று துருக்கியே கூறியது. நுழையவே இல்லை என்று உருசியா மறுத்தது. அன்றே கூட்டணி அவை கூடியது. உறுப்பு நாடாகிய துருக்கியின் எல்லையைத் தாங்கிப் பேசியது. அதே மூச்சில் பதற்றத்தைத் தணிக்கவும் சொன்னது. உருசியா துருக்கியின் வணிகத்தை முடக்கியது, போர் மூளவில்லை.

2025 செபுதம்பர் 9-ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் விடியுமுன், ஏறத்தாழ 20 ஆளில்லா வானூர்திகள் போலந்தின் வானில் நுழைந்தன. போலந்தும் துணைநாடுகளும் அவற்றுட் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. (ஓட்டுநரில்லா வானவூர்தியைப் புறநானூறு அன்றே பாடிவிட்டது என்று மார்தட்டும் அன்பர்கள் நம்மிடை உளர். அப்பாடல் கூறுவது நல்வினை செய்தார் விண்ணுலகு ஏகும் ஊர்தியை. பழம்பெருமை பேசுவது வேறு. இன்று நம் தலைக்குமேல் பறப்பது எவருடையது என்று அறிவது வேறு.) போலந்து கலந்தாய்வு வேண்டியது; சில நாள்களுக்குள் கிழக்கெல்லை முழுதும் வான்காவல் பெருக்கப்பட்டது.

அதே செபுதம்பர் 19 அன்றுதான் மூன்று உருசியப் போர் வானூர்திகள் எசுத்தோனியாவின் வானில் பன்னிரண்டு மணித்துளி இருந்தன. இதையும் உருசியா மறுத்தது. அவற்றை இடைமறிக்க எழுந்தவை இத்தாலி நாட்டு வானூர்திகள். எசுத்தோனியாவிடம் சொந்தமாகப் போர் வானூர்தி கிடையாது. 2004-இல் அது கூட்டணியில் சேர்ந்த நாள் முதல் பிற உறுப்பு நாடுகளே முறைவைத்து அதன் வானைக் காத்து வருகின்றன. செபுதம்பர் 23 அன்று கூட்டணி அவை கூடியது.

இவற்றால் தெரிவது யாது? வேலி தாண்டியவனைச் சுடுவது கூட்டணியின் முதல் வேலையன்று. முதலில் காண்பது, பின் எழுந்து சென்று இடைமறித்து வெளியே கொண்டுபோய் விடுவது, பின் தூதரை அழைத்துக் கடிவது, பின் அவை கூட்டுவது, பின் காவலைப் பெருக்குவது. சுடுதல் கடைசி.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஐந்தாம் பிரிவையன்று. பலரும் கண்டுகொள்ளாத நான்காம் பிரிவை. தன் நிலத்துக்கோ விடுதலைக்கோ காப்புக்கோ ஊறு நேருமென்று எந்த உறுப்பு நாடு கருதினாலும் எல்லாரும் கூடிக் கலந்தாய வேண்டும் என்பதே அது. எசுத்தோனியாவின் மக்கள்தொகை பதினான்கு இலக்கத்துக்கும் குறைவு. அவர்கள் தம் தாய்மொழியிலேயே பள்ளியும் பல்கலைக்கழகமும் ஆட்சியும் நடத்துகின்றனர். அச்சிறு மக்களினம் கைதட்டி அழைத்தால் அமெரிக்கா முதலிய முப்பத்தொரு நாடுகள் வந்து அமர்ந்தாக வேண்டும். அவர்கள் படை அனுப்புவார்களா என்பது பிந்தியது. அழைக்கும் உரிமை முந்தியது.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழர் வாழும் நிலத்தின் மேலும் ஒருநாள் வான்வேலி தாண்டப்பட்டது. தாண்டியது, நாம் குடிமக்களாக இருக்கும் இந்திய அரசு.

1987-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே யாழ்ப்பாணத்திற்குப் பொருள்கள் செல்வதை இலங்கை அரசு தடுத்து வந்தது. மே 26 அன்று வடமராட்சிமேல் பெரும்படையெடுப்புத் தொடங்கியது. சூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து உணவும் மருந்தும் ஏற்றிச் சென்ற 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பிற்பகல் தில்லியில் இலங்கைத் தூதரை அழைத்து, யாழ்ப்பாணத்தில் வானிலிருந்து பொருள்கள் இடப்படும். தடுத்தால் வலிமை கொண்டு எதிர்க்கப்படும் என்று கூறினர். பெங்களூரிலிருந்து ஐந்து சரக்கு வானூர்திகள் எழுந்தன. மிராசுப் போர் வானூர்திகள் காவல் சென்றன. ஏறத்தாழ 25 டன் பொருள்கள் வான்குடைகளில் இறங்கின. அச்செயலுக்கு வைத்த பெயர் ‘பூமாலை’. தமிழுக்கு இடம்தரத் தயங்கும் தில்லிக்கு அன்று தமிழ்ச்சொல் இனித்தது!

அப்பொழுது நான் பள்ளி இறுதி வகுப்பு மாணவன். அம்பத்தூரில் எங்கள் தெருவில் வானொலியைச் சுற்றி நின்று கைதட்டினோம். நானும் தட்டினேன். அதை மறைக்கவில்லை.

இலங்கை ‘எம் இறைமை மீறப்பட்டது’ என்று முறையிட்டது. நமக்குக் கசப்பாயினும் உண்மையைச் சொல்லவேண்டும்: சிகாகோ உடன்படிக்கையின்படி அம்முறையீடு சரியானதே. ஆனால், அதற்காக ஒரு நாடும் படையனுப்பவில்லை. ஏன்? அதற்குத் துணை என்று சொல்லத்தக்கவை மூன்று இருந்தன.

முதலாவது, 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்பாடு. வெளித்தாக்குதல் நேர்ந்தால் ஒருவர்க்கொருவர் படையுதவி செய்வது என்பது அது. ஆனால், ‘இருவர் நலனுக்கும் ஏற்ற அளவில்’ என்று ஒரு தொடர் அதில் உண்டு. 1957-இல் திருகோணமலைத் தளத்தையும் கட்டுநாயக்கத் தளத்தையும் திருப்பித் தந்துவிட்ட பிரித்தானியாவுக்கு முப்பது ஆண்டு கழித்து அத்தீவுக்காக இந்தியாவைப் பகைப்பதில் என்ன நலன்? இரண்டாவது, அணிசேரா நாடுகளின் இயக்கம். 1976-இல் அதன் மாநாட்டைக் கொழும்பிலேயே நடத்தினர். படைக்கூட்டணி வேண்டா என்பதே அதன் கொள்கை; அன்றியும் இந்தியாவும் அதன் உறுப்பினர். மூன்றாவது, 1985-இல் அமைந்த தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு. இரு நாடுகளுக்கு இடைப்பட்ட பூசலை அவையில் பேசவே கூடாது என்று அதன் அமைப்புவிதியே வாயைக் கட்டிவிட்டது. மூன்று துணையிருந்தும் தனித்து நின்றது இலங்கை. துணைவலி என்பது எழுத்தில் இல்லை. துணைவருவார்தம் நலனில் இருக்கின்றது.

இவ்வளவும் அரசுகளின் கணக்கு. அந்த வானத்தின் கீழே இருந்தவர்கள் கணக்கு என்ன?

புழல் ஏதிலியர் குடியிருப்பிலிருந்து வந்து என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் பாட்டியார், அந்த மாலையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அவர் என்னிடம் சொன்னார்: “பிளேன் சத்தம் கேட்டவுடனை குண்டுதான் எண்டு நினைச்சு, பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ளை ஓடினனாங்கள் தம்பி. பிறகுதான் குடை குடையாய் இறங்கிறதைப் பாத்தம். சாமான் எண்டு தெரிஞ்ச பிறகும் கனநேரம் ஒருத்தரும் வெளியிலை வரேல்லை.”

சோறு வந்தபொழுதும் அஞ்சி ஒளியும் நிலைக்கு ஒரு மக்களை ஆளாக்கியது எது? அதே வானிலிருந்து அதற்கு முன் விழுந்த குண்டுகள். அக்குண்டுகளை எந்த உடன்படிக்கையும் ‘வானெல்லை மீறல்’ என்று கூறவில்லை. ஏனெனில் அவற்றைப் போட்டது அந்த வானுக்கு உரிய அரசு. பின்னாளில் 1995 சூலை 9 அன்று நவாலியில் கிறித்தவக் கோயிலில் அடைக்கலம் புகுந்தோர்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செபுதம்பர் 22 அன்று நாகர்கோவிலில் பள்ளிப்பிள்ளைகள் மாண்டனர். அப்பொழுதும் வான்வேலி சிறிதும் சேதமுறாமல் நின்றது! அரிசி வந்தால் மீறல். குண்டு விழுந்தால் உள்நாட்டு வினை. வான்வேலி அரசைக் காக்கும். அதன் கீழிருக்கும் மக்களைக் காக்காது. இவ்வேலி வேண்டாமென்று நான் கூறவில்லை. அஃது இல்லையேல் பெரிய நாடுகள் சிறிய நாடுகளின்மேல் நாள்தோறும் பறக்கும். ஆனால், அதன் அளவு இவ்வளவே என்பதை அறிந்துகொள்க.

சரி, நம் பொருட்டு வேலி தாண்டியவர்கள் பின்னர்ச் செய்ததென்ன? எட்டுக் கிழமைக்குள், 1987 சூலை 29 அன்று, கொழும்பில் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் உடன்பாடு செய்தனர். தமிழும் ஆட்சிமொழி என்னும் நல்வரியும், வடக்கு கிழக்கு மாகாண இணைப்பும் அதில் இருந்தன. (அவ்விணைப்பை 2006-இல் இலங்கை உயர்முறைமன்றம் செல்லாதென்றது.) உடன்பாட்டோடு சேர்ந்த மடல்களில், திருகோணமலை முதலிய துறைமுகங்களை இந்திய நலனுக்கு ஊறாக எந்த நாட்டின் படைப்பயனுக்கும் தருவதில்லை என்ற உறுதி இருந்தது. வானூர்தியைப் பறக்கவைத்த நலன்களுள் முதன்மையானது எதுவென்று அம்மடல் காட்டுகின்றது. அவ்வுடன்பாட்டில் ஈழத்தமிழர் சார்பில் கையெழுத்திட்டவர் ஒருவருமிலர். அக்குதோபரில் அமைதி காக்கச் சென்ற படையே தமிழ்மண்ணில் போரிட்டது. 1990 மார்ச்சில் அது திரும்பும்வரை தமிழ்ப் பொதுமக்களும் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படைமறவரும் மாண்டனர். அவர்களும் தாய் பெற்ற மக்களே. அம்பத்தூரில் நாங்கள் தட்டிய கையொலி நான்கு திங்களில் அடங்கிவிட்டது.

நான் குறை காண்பது, அரிசி இட்டதை அன்று. பசித்தவனுக்கு இட்ட சோறு எவர் இட்டாலும் சோறே. என் குறை ஒன்றுதான்: எசுத்தோனியருக்கு உள்ள நான்காம் பிரிவு ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களுக்கு இல்லை. 1974 சூனில் கச்சத்தீவைக் கொடுத்தபொழுது நம் ஒப்புதலைப் பெறவில்லை. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியும் பயனில்லை. 1976-இல் மீன்பிடி உரிமையை மடல்வழி எழுதிக் கொடுத்தபொழுதும் நம் இசைவைக் கேட்கவில்லை. 1987-இல் படை அனுப்பியபொழுதும், கேட்டாக வேண்டும் என்னும் கட்டாயம் தில்லிக்கு இல்லை. அயலுறவு நடுவணரசின் துறை என்று ஒரு வரியில் வாயடைத்து விடுகின்றனர். மாற்றாருடன் செய்த கூட்டணியிலேயே சிறியவனுக்கு அவை கூட்டும் உரிமை உண்டு. உடன்பிறந்தார் கூடி வாழும் ஒன்றியம் என்று சொல்லப்படும் இடத்தில் அது வேண்டாவா? ஒரு மாநிலத்தின் கடலையோ, கரையையோ, அதன் தொப்புள்கொடி உறவையோ தொடும் எந்த அயலுடன்பாட்டையும் அம்மாநிலச் சட்டமன்றத்தில் வைத்துக் கலந்தாய்ந்த பின்னரே கையெழுத்திடவேண்டும் என்னும் சட்டம் வேண்டும். இதையே கோருவோம். படைக்கலம் ஏந்தாமல், சட்டத்தின் வழியே, ஓயாமல் கோருவோம்.

நாளை வகுப்புக்குச் சென்று அம்மாணவனுக்கு இவ்வாறு சொல்வேன்: “தம்பி, வானத்துக்கு வேலி உண்டு. ஆனால், அவ்வேலியை வைத்து ஒருவனுடைய வலிமையை அளக்காதே. அவன் அழைத்தால் அவை கூடுமா என்று பார். நமக்கு யார் கூடுவார்கள் என்று கேட்டாயே, கூட்டும் உரிமையை நாம் இன்னும் பெறவில்லை. அதைப் பெறவேண்டியது உன் தலைமுறையின் கடமை.”