உருக்கு விலை யார் தலையில்?

உலகச் சந்தையில் உருக்குக்கு ஒரே விலை என்ற பேச்சு பொய்த்துவிட்டது. 2025-ம் ஆண்டின் நடுவில், ஒரே ரக உருக்குத் தகட்டுச் சுருள் அமெரிக்காவில் விற்ற விலை, சீனத் துறைமுகத்தில் கப்பலேறிய விலையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐரோப்பிய விலை இரண்டுக்கும் நடுவில் நின்றது. இனி விலை ஏறுமா, இறங்குமா என்று வியாபார வட்டாரங்கள் ஆரூடம் சொல்கின்றன. உழைப்பாளி மக்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏறினால் யாருக்கு லாபம்? இறங்கினால் யாருக்கு நஷ்டம்?

விலை இப்படிப் பிளவுபட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அபரிமிதமான உற்பத்திச் சக்தி. 2024-ல் உலகம் உற்பத்தி செய்த உருக்கு சுமார் 188 கோடி டன். இதில் சீனாவின் பங்கு மட்டும் 100 கோடி டன்னுக்கு மேல். இதற்கும் மேலே சுமார் 60 கோடி டன் உற்பத்திச் சக்தி அந்த ஆண்டில் உலகில் பயன்படாமல் நின்றது. 2021 முதல் சீனாவில் வீட்டுக் கட்டுமானம் சரிந்தது. உள்நாட்டில் விலைபோகாத சரக்கு கடல் கடந்தது. 2024-ல் மட்டும் சீனா 11 கோடி டன் உருக்கை ஏற்றுமதி செய்தது.

இரண்டாவது, சுங்கச் சுவர்கள். அமெரிக்கா 2018-ல் 25 சதவிகித வரி போட்டது. 2025 ஜூனில் அதை 50 சதவிகிதமாக்கியது. 2025 அக்டோபரில் ஐரோப்பியக் கமிஷனும் அதே 50 சதவிகிதத்தை முன்மொழிந்தது. வியட்நாமும் தென் கொரியாவும் கூட அதே ஆண்டில் சீன உருக்கின் மீது வரி விதித்தன.

சுவரில் மோதிய சரக்கு மறைந்துவிடாது. சுவர் தாழ்ந்த நாட்டைத் தேடிப் போகும். ஆகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலை உயர்ந்தே நிற்கும். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் விலை நசுங்கும். உபரிச் சக்தி குறையாதவரை இந்த நிலை மாறுவதற்கில்லை.

சுவர் எழுப்பினால் தொழிலாளி பிழைத்தானா? அமெரிக்கா வரிவிலக்குகளை ரத்துச் செய்த அதே 2025 மார்ச்சில், மின்னெசோட்டா சுரங்கங்களிலும் டியர்பார்ன் ஆலையிலும் சுமார் 1,200 பேருக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்தது. சிலி 2024 ஏப்ரலில் 33.5 சதவிகிதம் வரை வரி போட்டது. ஆயினும் ஐந்தே மாதத்தில் உவாச்சிப்பாத்தோ ஆலையின் உலை அணைந்தது. அதே செப்டம்பரில் பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலையும் அணைக்கப்பட்டது. விலை உயர்ந்தால் அது முதலாளியின் லாபக் கணக்கில் ஏறுகிறது. விழுந்தால் தொழிலாளியின் அடுப்பில் பூனை உறங்குகிறது!

நம் நாட்டுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் இந்திய சர்க்கார் தகட்டு ரகங்கள் சிலவற்றின் மீது 12 சதவிகிதக் காப்பு வரி விதித்தது. பிறகு அதைப் படிப்படியாகக் குறையும் மூன்றாண்டு வரியாக்கியது. மலிவுச் சரக்கின் படையெடுப்பிலிருந்து உள்நாட்டு உருக்குத் தொழிலைக் காப்பது அவசியமே. ஆனால் அந்தக் காப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது? பெரிய ஆலைகள் விலையை உயர்த்தினால், கோவையின் பம்புப் பட்டறைகளும் லூதியானாவின் சைக்கிள் உதிரிப்பாகப் பட்டறைகளும் என்ன செய்யும்? ஆர்டரை இழக்கும், ஆளைக் குறைக்கும்.

1992 வரை பெரிய ஆலைகளின் உருக்கு விலை சர்க்காரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கட்டுப்பாட்டைக் கைவிட்ட சர்க்கார், வரிச் சுவரை மட்டும் எழுப்புவது எந்த நியாயம்? சர்க்கார் மனம் வைத்தால் தலையிட முடியும். ஸ்கன்தார்ப் உலைகள் அணையாமல் இருக்க, 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சனிக்கிழமையன்று கூடிச் சட்டம் இயற்றியது.

ஆகவே, காப்பு வரியால் பலன் பெறும் ஆலைகள் எதுவும் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது. நிரந்தர வேலைகளைக் காண்ட்ராக்ட் வேலையாக மாற்றக் கூடாது. பொதுத்துறை ஆலைகளின் உருக்கில் ஒரு பகுதியைச் சிறு பட்டறைகளுக்கு நிலையான, நியாயமான விலையில் ஒதுக்க வேண்டும். ஆலைகளின் உற்பத்திச் செலவையும் விற்பனை விலையையும் பகிரங்கமாக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் இல்லாத காப்பு வரி, மக்கள் பணத்தில் பெருமுதலாளிகளுக்குக் கட்டப்படும் கோட்டையே. உருக்காலைத் தொழிலாளர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் ஒன்றுபட்டு இவற்றைக் கோர வேண்டும்.