மணலுக்குள் ஒரு கோபுரம்



பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில், ஆழமற்ற தெளிந்த நீரின் அடியே வெண்மணல் பரந்து கிடக்கும். அதன்மேல் ஓரிரு கோடுகள் ஓடும். உயிரற்ற வெளி என்றே நமக்குத் தோன்றும். ஆனால் கோடு முடியும் இடத்தில் மணலை மெல்ல விலக்கினால், நெடிய கோபுரம் போன்ற ஓட்டைச் சுமந்த நத்தையொன்று வெளிப்படும். அவ்வோடு மரத்தைத் துளைக்கும் தச்சுக் கருவியை ஒத்திருப்பதால், ஆங்கிலேயர் இதற்கு அக்கருவியின் பெயரையே சூட்டி 'ஆகர்' என்றனர்.

ஆயினும் இவ்வோடு எதனையும் துளைப்பதில்லை. மணலை அகழ்ந்து முன்னேறுவது மென்மையான தசைப் பாதமே. ஓடு பின்னே இழுபட்டு வரும். நாம் கண்ட கோடு அப்பயணத்தின் சுவடே. ஆனால் கடினமான கல் கிடைக்காத மைக்ரோனேசியப் பவளத்தீவுகளில், முற்கால மக்கள் இவ்வோட்டைத் தீட்டி மரம் செதுக்கும் உளியாக்கினர். பெயருக்கேற்ற பணி அப்போதுதான் வாய்த்தது!

மணலில் வாழும் புழுக்களே இதன் உணவு. சில இனங்கள் ஊசி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி இரையை அடக்குகின்றன. வேறு சில நஞ்சின்றியே விழுங்குகின்றன. சுமார் 25 செ.மீ. வரை வளரும் புள்ளி ஆகர், பெரிய உருவம் பெற்றிருந்தும் நஞ்சற்றது!

அந்நஞ்சிலும் நன்மை உண்டோ? இதன் உறவினமான கூம்பு நத்தையின் நஞ்சை முன்மாதிரியாகக் கொண்டு உருவான கடும்வலி நீக்கும் மருந்துக்கு, அமெரிக்கா 2004இல் ஒப்புதல் அளித்தது. ஆகர் இனமொன்றின் நஞ்சிலுள்ள சிறு புரதம், எலிகளின் கல்லீரல் புற்றுக்கட்டியைச் சுருக்கியதை மாண்டே ஹோல்ஃபோர்ட் குழுவினர் கண்டனர். எனினும் இது இன்னும் மனிதருக்குரிய மருந்தாகவில்லை.

இத்தகைய உயிரைத்தான் ஓட்டின் அழகுக்காக உயிரோடு எடுத்து, கொதிநீரிலிட்டுச் சதையை நீக்கி விற்கின்றனர். கண்ணாடி அலமாரியின் ஒரு மூலையை நிரப்ப ஓர் உயிரைப் போக்குதல் தகுமா?

தாய்மார்களே! கடற்கரையில் உங்கள் குழந்தை ஓர் ஓட்டைக் கையில் எடுத்தால், முதலில் அதன் வாயிலை உற்றுநோக்கச் சொல்லுங்கள். உள்ளே நத்தை இருக்கலாம். நத்தை இறந்தபின் அதைத் தன் வீடாக்கிக்கொண்ட துறவி நண்டும் இருக்கலாம். குடியிருப்பவர் இருக்கையில் வீட்டை எடுத்துச் செல்லல் முறையன்று. எடுத்த இடத்திலேயே வைத்துவிடக் கற்றுக்கொடுங்கள்.