நல்லிணக்கப் பட்டயம்

நாகஸ்வரக்காரர் ஒருவருக்கு அண்மையில் விருது கொடுத்தார்கள். கொடுத்ததில் நமக்கு வழக்கில்லை. நல்ல விரல், அதைவிட நல்ல மூச்சு. பட்டயத்தை வாசித்தபோதுதான் எரிச்சல் கிளம்பியது. முழுக்க மத நல்லிணக்கம். முஸ்லிமாகப் பிறந்தவர் கோயிலில் வாசிக்கிறாராம், மெய்சிலிர்க்கிறதாம். எந்த ராகத்தை எப்படி விரிப்பார், பல்லவியை எங்கே எடுப்பார் என்று ஒரு வரி கிடையாது. நடுவர்கள் கச்சேரி கேட்டார்களா, ரேஷன் கார்டைப் பார்த்தார்களா?

ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998-இல் சங்கீத கலாநிதி தந்தது நல்லிணக்கத்துக்கா? ஆந்திரத்துக் கரவதியில் தலைமுறைகளாக நாகஸ்வரம் வாசித்த குடும்பம். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் கிறங்கி, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணி கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். சகிப்புத்தன்மையை வைத்துக்கொண்டு சங்கராபரணம் வாசிக்க முடியாது. அதற்குச் சாதகம் வேண்டும். ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ எழுதியபோது சுருதிக் கணக்கைப் பற்றித்தான் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். மரியாதை என்றால் அது.

எட்டயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கண்மூடிய ஊர் இது. அவர் தம்பி பாலுஸ்வாமியின் தத்துப் பிள்ளை சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904-இல் இங்கேதான் அச்சேற்றினார். தெலுங்கு எழுத்து, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி. குடும்பச் சொத்தாகக் கிடந்ததை வெளியிடும்படி அவரை விடாமல் நச்சரித்தவர் சின்னசாமி முதலியார் என்ற கத்தோலிக்கர். பணம் சமஸ்தானத்துப் பணம். அந்தப் பக்கங்களில் உசேனியும் நவரோஜும் பைரவிக்கும் தோடிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் அவற்றுக்கு விருந்தாளி நாற்காலி போடவில்லை.

நவரோஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாரசீகப் புத்தாண்டின் பெயரைச் சுமக்கும் இந்த ராகம் மந்திர பஞ்சமத்தில் புறப்பட்டு மத்திய பஞ்சமத்தோடு திரும்பிவிடும். மேல் ஷட்ஜத்தைத் தொடாது. அந்தச் சின்ன இடத்துக்குள் தீட்சிதர் பிள்ளையாரை உட்கார வைத்தார். உச்சிக்குப் போய்க் கைதட்டல் வாங்கும் பாடகர்கள் இதை எடுக்கத் தயங்குவார்கள், தயங்கட்டும். உசேனி வேறு சங்கதி. பாக்தாத்திலும் கெய்ரோவிலும் அந்தப் பெயரில் ஒரு மகாம், அதாவது அவர்களுடைய ராகம், உண்டு. அங்குள்ளவர் நம் உசேனியைக் கேட்டால் அடையாளம் தெரியாமல் விழிக்கக்கூடும். அத்தனை தூரம் நம்முடையதாகிவிட்டது. பாரசீக ராகங்கள் என்று பெயர் போட்டே புண்டரீக விட்டலர் பதினாறாம் நூற்றாண்டில் பட்டியல் எழுதினார். அதற்காக அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை.

அரபு உலகிலும் இதே கதைதான். 1932-இல் கெய்ரோ இசை மாநாட்டுக்கு ஈராக் அனுப்பிய குழுவில் பாடியவர் முஸ்லிம், முகம்மது அல்குப்பாஞ்சி. வாத்தியக்காரர்களில் ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள். அது ஈராக்கின் இசையாகவே போயிற்று, ஈராக்கின் இசையாகவே கேட்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்த யூதர்கள் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. நேற்றுவரை வீட்டுக்காரன், இன்று வந்தேறி. மேடையில் ‘நம் விருந்தினர்’ என்று குழைகிறவர்களைக் கண்டால் எனக்கு அச்சம் வருவது இதனால்தான்.

இசையை விடுங்கள். உமறுப் புலவரை என்ன செய்தோம்? கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டவர், இதே எட்டயபுரம் சமஸ்தானத்துப் புலவர், நபிகள் வரலாற்றைச் ‘சீறாப்புராணம்’ என்று ஐயாயிரத்துக்கு மேல் விருத்தத்தில் பாடியவர். நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, வெள்ளம் புரள்கிறது, நெல் விளைகிறது. வானம் பார்த்த கரிசலில் இருந்துகொண்டு பாலைவனத்துக்கு மழை பெய்வித்த ஆசாமி! இந்தத் துணிச்சலைக் கம்பனோடு வைத்துப் பேச வேண்டாமா? பாடத்திட்டத்தில் ‘இஸ்லாமியத் தமிழ்’ என்று ஒரு அலகில் போட்டு, ஐந்து மதிப்பெண் வினாவாக்கிவிட்டார்கள். ‘தேம்பாவணி’ அடுத்த அலகில் கிடக்கிறது. மேடைப் பேச்சாளர்களோ எட்டயபுரத்துப் பெருமை என்று பாரதி, தீட்சிதர், உமறு மூவரையும் ஒரே மூச்சில் அடுக்கிவிட்டுக் காரேறுகிறார்கள்.

சீறாப்புராணம் பற்றி இந்த இதழுக்கு எழுத விரும்புகிறவர்கள் அதன் யாப்பைப் பற்றி எழுதுங்கள், கம்பனிடம் எங்கே கடன் பட்டார், எங்கே மிஞ்சினார் என்று எழுதுங்கள், பிடிக்கவில்லை என்றால் திட்டியும் எழுதுங்கள். நல்லிணக்கக் கட்டுரைகள் வந்தால் வந்த தபாலிலேயே திரும்பிவிடும்.