ஒரு நாள் வாடகை ரூம்: பில் இல்லை, வரி மட்டும் உண்டா?

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் எள் போட்டால் எள் விழாது. காவடி தூக்கி வருபவர்கள் ஒரு பக்கம். மொட்டை போட வருபவர்கள் ஒரு பக்கம். டிசம்பர் 31-ந் தேதி இரவு படித் திருவிழா என்றால் 365 படிகளும் நிரம்பி வழியும்.

இத்தனை பேருக்கும் லாட்ஜ் போதாது. தேவஸ்தான விடுதியும் போதாது. அதனால் ஊருக்குள் வீடு வைத்திருப்பவர்கள் மாடி ரூமை ஒரு நாள், இரண்டு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. கைக்குழந்தையோடு வந்த குடும்பம் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடப்பதை விட இது எவ்வளவோ மேல்.

காசு வாங்கும்போதுதான் தகராறு!

"ஜி.எஸ்.டி. சேர்த்து இவ்வளவு" என்று கேட்பவர்கள் உண்டு. "பில் கொடுங்க" என்றால், "அதெல்லாம் நம்மகிட்ட இல்லீங்க" என்பார்கள். பில் இல்லை, வரி மட்டும் உண்டு. இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு பக்கம், ஒரே ஒரு ரூமை விட்டுப் பிழைக்கிற ஏழை விதவை, "வரி ஆபீசர் வந்து பிடித்துக்கொண்டு போவாரோ?" என்று பயப்படுகிறார். ஏமாற்றுகிறவனுக்குத் துணிச்சல், ஏமாற்றாதவருக்குப் பயம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் புரியும்படி எடுத்துச் சொல்லவில்லை.

கணக்கு இதுதான்

ஒரு காலத்தில் லாட்ஜ் ரூமுக்கு ஆடம்பர வரி என்று ஒன்று இருந்தது. 1981-ல் வந்த மாநிலச் சட்டம் அது. 2017 ஜூலை 1 முதல் அது போய், ஜி.எஸ்.டி. வந்தது.

முதலில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த ரூமுக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் நூற்றுக்கு 12 என்று போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு நூற்றுக்கு 5 என்று குறைத்தார்கள். 800 ரூபாய் ரூமுக்கு 96 ரூபாயாக இருந்த வரி இப்போது 40 ரூபாய்தான்.

ஆனால் இந்த 40 ரூபாயை எல்லோரும் வாங்க முடியாது. வருஷ வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டும். மூன்று ரூம், ஒவ்வொன்றும் 800 ரூபாய், 365 நாளும் நிரம்பியது என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8 லட்சத்து 76 ஆயிரம்தான் வரும். 20 லட்சத்தில் பாதி கூட இல்லை!

ஆகவே மாடி ரூம் விடும் சாதாரணக் குடும்பத்துக்கு இந்த வரியைக் கட்டும் கடமை இல்லை. வரி என்ற பெயரில் வாங்கும் உரிமையும் இல்லை. பதிவு செய்யாதவர் ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டால் அதை வசூலிக்கவும், அபராதம் போடவும் வழி இருக்கிறது.

கடைக்காரர்கள் கவனிக்க!

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கீழே பூஜைச் சாமான் கடை, மேலே வாடகை ரூம் என்று இருந்தால் இரண்டு வரவையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சாமான் மட்டும் விற்பவருக்கு வரம்பு 40 லட்சம். அதோடு ரூமும் விட்டால் வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். கடையில் 15 லட்சம், ரூமில் 6 லட்சம் என்றால் மொத்தம் 21 லட்சம். 30 நாளுக்குள் பதிவுக்கு மனுப் போட வேண்டும். "ரூம் வருமானம் கொஞ்சம்தானே!" என்று சும்மா இருந்தால் வம்பு வீடு தேடி வரும்.

செல்போன் மூலம் புக்கிங் செய்யும் கம்பெனி வழியாக ரூம் விட்டால் கதை வேறு. வீட்டுக்காரர் பதிவு வரம்புக்குள் இருந்தால், வரியைக் கட்ட வேண்டியது அந்தக் கம்பெனி. அங்கே வரி கட்டிவிட்டு வரும் பக்தரிடம் வாசலில் நின்று இன்னொரு முறை வரி கேட்பது பகல் கொள்ளை.

மாதக் குடித்தனம் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். குடியிருக்க விட்ட வீட்டு வாடகைக்கு இந்த வரி இல்லை.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

நாம் கொடுப்பது உண்மையான வரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பில்லில் 15 எழுத்து, எண் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். ஆந்திரா என்றால் 37. அந்த எண் இல்லையா? வரி கொடுக்காதீர்கள். வாடகைக்கு மட்டும் ரசீது வாங்குங்கள்.

ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் திருத்தணி. நகரியில் இருந்தும் புத்தூரில் இருந்தும் இன்றும் பக்தர்கள் வருகிறார்கள். அவர்கள் இங்கே தங்கிக் கொடுக்கும் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு.

திருத்தணி நகராட்சிக்கு? நேராக ஒன்றும் இல்லை!

குப்பை அள்ளுவது நகராட்சி. தண்ணீர் கொடுப்பது நகராட்சி. வரி போவது வேறு இடம். ஜப்பானில் கோயில் நகரமான கியோட்டோ, வெளியூர்க்காரர் தங்கினால் 2018 முதல் நகரத்துக்கென்றே வரி வாங்குகிறது. நாம் புது வரி கேட்கவில்லை. இருக்கிற வரியில் மாநில அரசுக்கு வரும் பங்கில் ஒரு பகுதி இந்த ஊர்க் கக்கூசுக்கும் குடிநீருக்கும் திரும்பி வரட்டும் என்றுதான் கேட்கிறோம்.

ரூம் விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் எல்லாமே இல்லை என்று ஆகாது. வீட்டுக்கு ஒரு சொத்து வரி, வியாபாரக் கட்டடத்துக்கு ஒரு சொத்து வரி. கரண்ட் கட்டணமும் அப்படியே. வருஷம் பூராவும் லாட்ஜ் மாதிரி நடத்திவிட்டு, வீடு என்று கணக்குக் காட்டுவது சரியல்ல.

அதிகாரிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் மலையடிவாரத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு போர்டு: "பதிவு எண் இல்லாத பில்லுக்கு வரி கொடுக்காதீர்!" புகார் சொல்ல ஒரு போன் நம்பர். வீட்டு வாசலில் வாடகை விவரம்.

அடுத்த கிருத்திகைக்குள் அந்த போர்டு வருமா?