தடை இருக்கிறது, உதவி எங்கே? ஊரடங்கு காலமும் இலத்திரனியல் சிகரெட்டும்

கடந்த மாதம் ஒரு பிற்பகல், மாத்தளை போவதற்காகப் பல்லேபொல பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். சட்டைப்பையிலிருந்து பேனா போன்ற ஒன்றை எடுத்து உறிஞ்சினான். மாம்பழ வாசனை வந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும், “இது சிகரெட் இல்ல அங்கிள், ஒண்ணும் செய்யாது” என்றான்.

அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம், நானும் ஒரு காலத்தில் அதே கருவியை நம்பியவன். இருபத்திரண்டு வருடங்கள் சிகரெட் புகைத்தேன். 2020 ஜனவரியில் லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒரு வேப் கருவியையும் நான்கு சிறிய போத்தல் திரவத்தையும் தந்துவிட்டுப் போனார். அதற்குள் இருக்கும் மின்கலம் ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்கும். நிக்கோட்டின் கலந்த திரவம் ஆவியாகும். அதை உள்ளே இழுக்க வேண்டும். எதுவும் எரிவதில்லை. அதனால் சிகரெட் புகையில் வரும் தாரும் காபன் மொனொக்சைட்டும் இல்லை. இரண்டு மாதங்கள் நான் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை. விட்டுவிட்டேன் என்றே வீட்டில் சொன்னேன்.

மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே விமான நிலையம் வருகைக்கு மூடப்பட்டுவிட்டது. மாத்தளை போன்ற மாவட்டங்களில் இடையிடையே சில மணித்தியாலங்கள் ஊரடங்கைத் தளர்த்துவார்கள். அந்த நேரத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நிற்போம். கையில் இருந்தது கூலி வேலை நின்றுபோன வீட்டின் காசு. அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுத்த 5,000 ரூபாய்தான் பல வீடுகளில் அந்த மாதத்தின் வருமானம்.

ஏப்ரல் புத்தாண்டுக்குச் சில நாட்களுக்கு முன் என்னுடைய கடைசிப் போத்தல் முடிந்தது. லண்டனிலிருந்து எதுவும் வர வழியில்லை. முதல் இரண்டு நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தலையிடி, எரிச்சல், தூக்கமில்லை. பிள்ளைகளிடம் காரணமின்றிக் கத்தினேன். மூன்றாம் நாள் ஊரடங்கு தளர்ந்தபோது கடைக்குப் போய் ஒரு கட்டு பீடியோடு திரும்பினேன். மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, “பருப்பு எங்கே?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் விட்டது சிகரெட்டை. நிக்கோட்டினை விடவே இல்லை. கருவிக்குத் திரவம் இருந்தவரை இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வேப் பற்றிய விவாதம் நம் நாட்டில் இரண்டு கூச்சல்களாக நிற்கிறது. ஒரு பக்கம் அது சிகரெட்டை விடவைக்கும் மருந்து. மறுபக்கம் அது இன்னொரு விஷம். ஆய்வுகள் இரண்டுக்கும் இடையில் ஒன்றைச் சொல்கின்றன. இங்கிலாந்தில் 886 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு வருடம் கழித்துப் புகைக்காமல் இருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம். நிக்கோட்டின் கம், பட்டை போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9 சதவீதம். அதாவது, வேப் உதவியிருக்கிறது. ஆனால், அப்படி விட்டவர்களில் வேப் குழுவைச் சேர்ந்த 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் தமது பொருளைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான்.

அந்த ஆய்வில் எல்லோரும் தவறவிடும் ஒரு விடயம் இருக்கிறது. இரண்டு குழுவினருக்கும் குறைந்தது நான்கு வாரங்கள், வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவர் நேரில் உதவினார். கருவி மட்டும் கையில் கொடுக்கப்படவில்லை. எனக்குக் கிடைத்ததோ கருவியும் நான்கு போத்தல்களும்தான்.

அதேசமயம், தடைக்கும் நியாயம் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் வேப்புடன் தொடர்புடைய நுரையீரல் பாதிப்பால் 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ பதிவானது. அவர்களில் 68 பேர் மரணித்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளத் திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிற்றேற்றே காரணம் என்று கண்டறியப்பட்டது. போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் உறிஞ்சுவதன் ஆபத்து அது. தமிழ்நாடு 2018இலும் இந்திய மத்திய அரசு 2019இலும் இலத்திரனியல் சிகரெட்டைத் தடைசெய்தன. இலங்கை அதற்கு முன்பே, 2016 செப்டெம்பரில், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளை உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் வர்த்தமானி மூலம் தடைசெய்தது. ஆனாலும் மாம்பழ வாசனை பல்லேபொல வரை வந்துவிட்டது.

என் கேள்வி தடை சரியா பிழையா என்பதல்ல. ஒரு கதவை மூடிய அரசு, புகைப்பவனுக்கு வேறு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை நம் பிராந்தியத்தில் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இலங்கை; ஆண்டு 2003. அதன் 14ஆவது உறுப்புரை, புகையிலைக்கு அடிமையானவர்கள் விடுபட நாடுகள் உதவ வேண்டும் என்கிறது. நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை 2009 முதல் அந்த ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நான் ஏறி இறங்கிய பாமசிகளில் நிக்கோட்டின் கம் இருக்கவில்லை, ஒன்றில் “சூயிங்கமா?” என்று திருப்பிக் கேட்டார்கள். ஆனால், அந்தப் பாமசிகளுக்குப் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் சிகரெட் ஒற்றை ஒற்றையாகக் கிடைத்தது.

ஊரடங்கு இதை வெளிச்சம்போட்டுக் காட்டியது. தென்னாபிரிக்கா 2020 மார்ச் 27 முதல் ஓகஸ்ட் 17 வரை புகையிலை விற்பனையையே நிறுத்தியது. சிலர் விட்டார்கள். பலர் கள்ளச் சந்தையில் கூடிய விலை கொடுத்து வாங்கினார்கள். கிடைக்காமல் செய்தால் மட்டும் ஒருவன் விடுபடுவதில்லை. ஆனால், கிடைக்காத அந்த நாட்களில் கூட ஒருவர் துணை நின்றால், அதுவே நல்ல வாய்ப்பு. நிக்கோட்டின் இல்லாத அவதி முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். அடுத்த சில வாரங்களில் குறைந்துவிடும். ஊரடங்கு அதற்குப் போதிய நாட்களைத் தந்தது. துணைதான் வரவில்லை.

2021 ஓகஸ்ட் 20இல் நாடு மறுபடி மூடப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு, கடை வாங்கில் என்னோடு இருந்து இருபது வருடம் புகைத்த நண்பர் கொவிட் தொற்றி ஒட்சிசனில் கிடந்து இறந்துபோனார். புகைதான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். வைத்தியர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால், புகைப்பவர்களுக்குக் கொவிட் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மே மாதமே எச்சரித்திருந்தது. சாவு வீட்டுக்குப் போகவும் எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

அந்த வாரம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 இலக்கத்துக்கு அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் உபதேசம் செய்யவில்லை. எந்த நேரத்தில் ஆசை அதிகமாக வருகிறது, அப்போது என்ன செய்வேன் என்று கேட்டார். தேத்தண்ணி குடித்தவுடன் என்றேன். தேத்தண்ணியை வாசலில் குடிக்காமல் குசினியில் மனைவியோடு குடிக்கச் சொன்னார். அவ்வளவு சின்ன விடயம். ஒக்டோபர் 1ஆம் திகதி ஊரடங்கு நீங்கியபோது ஐந்து வாரம் கடந்திருந்தது. நடுவில் இரண்டு முறை தவறினேன். இன்றுவரை மறுபடி தொடங்கவில்லை.

என் கதை எல்லோருக்கும் பொருந்தாது. அந்த இலக்கம் எங்கள் கடைகளில் எங்கும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. எனக்குத் தெரியவந்ததே தற்செயல். பிரதேச வைத்தியசாலையில் வாரம் ஒரு நாள் ஓர் ஆலோசகர், அங்கேயே இலவசமாக நிக்கோட்டின் கம், சிகரெட் விற்கும் ஒவ்வொரு கடையிலும் 1948 என்ற நான்கு இலக்கங்கள்: இவை பெரிய செலவுகள் அல்ல. ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் அரசுக்கு வரி போகிறது. அதில் ஒரு சிறு பங்கு போதும்.

பஸ் வந்ததும் அந்தப் பையன் முன்பக்கம் ஏறிக்கொண்டான். இறங்கும்போது அவனிடம் கேட்டேன், “இது முடிஞ்சா என்ன செய்வே தம்பி?” சிரித்தான். “இன்னொண்ணு வாங்குவேன்.” நான்கு போத்தல்களோடு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.